மெத்தைக்காரரின் ஆயிரம் கிலோமீட்டர்

அவர் வேலை பார்த்த கடையில் வருகிறவர் போகிறவர் எல்லோரும் படுத்துப் பார்ப்பார்கள். அவர் மட்டும் காலையிலிருந்து கடை சாத்தும்வரை நின்றுகொண்டே இருப்பார். மெத்தைக் கடை. ஸ்பிரிங் மெத்தை, நார் மெத்தை, ரப்பர் மெத்தை, உடம்புச் சூட்டுக்கு வளைந்து கொடுக்கிற நுரை மெத்தை என்று இரண்டு வரிசையாகக் கட்டில்கள் போட்டிருக்கும். செருப்போடு ஏறிப் படுக்கிறவர்கள் உண்டு. ஜோடியாக வந்து, நடுவில் யாருக்கு எவ்வளவு இடம் என்று அங்கேயே சண்டை ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. வாங்குகிற எண்ணம் துளியும் இல்லாமல், வெயிலுக்கு ஒதுங்கி ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு, "கொஞ்சம் கெட்டியா இருக்கு" என்று குறை சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எல்லோரையும் பார்த்து அவர், "முதுகுத்தண்டு நேரா நிக்குது பாருங்க சார்" என்று இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய சொந்த முதுகுத்தண்டு கடைசியாக எப்போது நேராக நின்றது என்பது அவருக்கே ஞாபகம் இல்லை.

கடையில் அவர் 'மெத்தை சார்'. தெருவில் 'மெத்தைக்காரர்'. வயது ஐம்பதைத் தொட இன்னும் கொஞ்சம் இருந்தது. தொப்பை அவசரப்பட்டு முன்னாலேயே போய் நின்றுவிட்டது.

அவரிடம் ஒரு தனித்திறமை இருந்தது. எதையும் ஆரம்பிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. நீச்சல் கற்றுக்கொள்ளப் போனார்; குளத்தின் பாதி தூரம்வரை பிரமாதமாக நீந்துவார், அதற்குமேல் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து கரையேறுவார். புல்லாங்குழல் வாங்கினார், ஒரு பாட்டின் முதல் வரியை அக்கம்பக்கத்துக்கே மனப்பாடம் ஆகும்படி வாசித்தார், இரண்டாம் வரி கடைசிவரை வரவில்லை. தபால் வழியில் பட்டப்படிப்பு முதல் வருடத்தோடு நின்றது. வீட்டின் பின்கட்டில் மூன்று பக்கம் மட்டும் உள்ள புத்தக அலமாரி ஒன்று, நான்காவது பக்கத்தை எதிர்பார்த்துச் சுவரில் சாய்ந்துகொண்டிருந்தது.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். குத்துவதற்கு முன் இடம் பார்ப்பதில் கெட்டிக்காரி. அந்த அலமாரியின் மேல் காலை இடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கோபப்படாமல், ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்:

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நீங்க பொறந்ததுலேர்ந்து எதையாவது முழுசா முடிச்சிருக்கீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். பதிலையும் வழக்கம்போலப் பாதியில் விட்டுவிட்டு மூடினார்.

அன்று சாயங்காலம் மனைவியின் தம்பி வந்திருந்தான். ஏசி விற்கிற ஏஜென்சி வைத்திருக்கிறவன். ஆனால் யார் கேட்டாலும் தன்னை 'ரைடர்' என்றுதான் சொல்லிக்கொள்வான். அவனிடம் குதிரை உயரத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதில் ஏறுவதற்கே அவன் ஒரு கல்லைத் தேடுவான். முழங்காலுக்கு ஒரு கவசம், முழங்கைக்கு ஒரு கவசம், முதுகுக்கு ஆமை ஓடு மாதிரி ஒன்று, ஹெல்மெட்டின் மேல் கேமரா, உள்ளே பேசுவதற்கு மைக். அதையெல்லாம் மாட்டிக்கொண்டு பெரும்பாலும் காய்கறிக் கடைக்குப் போய்வருவான்.

சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். அவனுடைய கிளப்பில் நெடுந்தூர ஓட்டம் ஒன்று வைக்கிறார்களாம். ஆயிரம் கிலோமீட்டர். இன்று மாலை கிளம்பினால் நாளை மாலை அதே நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். துறைமுக ஊர் வரைக்கும் போய், அங்கே பெட்ரோல் போட்ட ரசீதை எடுத்துக்கொண்டு, வந்த வழியே வரவேண்டும். முடித்தவர்களுக்குச் சான்றிதழ்.

"இது சும்மா வண்டி ஓட்டறது இல்ல மாமா. மனசு சம்பந்தப்பட்ட விஷயம். எல்லாராலயும் முடியாது" என்றான், அவரை ஒரு பார்வை பார்த்து. பிறகு இரக்கப்பட்டு, "நீங்க வேணா கொடி அசைக்க வாங்க" என்றான்.

காலையில் அக்கா குத்தினாள். மாலையில் தம்பி குத்தினான். மெத்தைக்காரர் தட்டைப் பார்த்தபடி, "நானும் ஓட்டறேன் மாப்ள" என்று சொல்லிவிட்டார். சொன்னது தான்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

"எதுல?" என்றான் மச்சினன்.

வாசலில் நின்றிருந்த வண்டியை மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். கடைக்கும் வீட்டுக்குமாகப் பதினாலு வருடம் ஓடிய பழைய மோட்டார் சைக்கிள். அது தன் வாழ்நாளில் கண்ட அதிகபட்ச சாகசம், ஒரு தடவை தலையணைக் கட்டோடு மழையில் நனைந்தது.

மறுநாள் காலையில் மனைவி அவரை வெறும் வயிற்றில் உட்காரவைத்து ஒரு குழாய் ரத்தம் எடுத்தாள், அழுத்தமும் பார்த்தாள். முடிவுகள் வந்தன. சர்க்கரை, கொழுப்பு, அழுத்தம் எல்லாமே எல்லைக்கோட்டின் மேல், விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றன. "இதுலயும் எந்தப் பக்கமும் முடிவா போகல" என்றாள்.

அவர் தயாரிப்பில் இறங்கினார். மற்றவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள். அவர் தொழில் தெரிந்தவர் அல்லவா, நேராக சீட்டுக்குப் போனார். கடையில் மீந்துபோன துண்டுகளை வெட்டி, கீழே கெட்டி நுரை, நடுவில் ரப்பர், மேலே உடம்புச் சூட்டுக்கு வளைந்து கொடுக்கிற உயர்ந்த ரக நுரை என்று அடுக்கி, உறை தைத்து, சீட்டின் மேல் கட்டினார். உட்கார்ந்து பார்த்தால் ராஜசிம்மாசனம். தரையை எட்டுவதற்குக் கால்தான் கொஞ்சம் போதவில்லை. மறதியாக விட்டுவிடக் கூடாதென்று ஒரு கிளட்ச் கேபிளும் பஞ்சர் சாமானும் வாங்கி வைத்தார். "என் பெட்டில நெறைய இடம் இருக்கு மாமா, கொடுங்க" என்று மச்சினன் அதை வாங்கிப் போட்டுக்கொண்டான்.

கிளப்பின் செயலாளர் ஒரு பல் டாக்டர். ஓட்டம் தொடங்குவதும் முடிவதும் அவருடைய கிளினிக் வாசலில்தான். வண்டியின் கிலோமீட்டர் கணக்கை அவரே கண்ணால் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். கிளம்புகிற மாலை, கையுறையோடு இறங்கி வந்து இருவர் வண்டியையும் பார்த்தார். மச்சினனின் வண்டியைச் சுற்றி வந்து தட்டிக்கொடுத்தார். மெத்தைக்காரரின் சீட்டை விரலால் அழுத்திப் பார்த்து, அது மெதுவாக மேலே எழும்பி வருகிறவரை காத்திருந்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பல்லைப் பிடுங்குவதற்கு முன் சொல்கிற அதே குரல்.

ஊரைத் தாண்டுவதற்குள் மெத்தைக்காரருக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. தூரமோ தூக்கமோ பெரிய எதிரி இல்லை. மச்சினன் அவருடைய ஹெல்மெட்டுக்குள்ளும் ஒரு மைக்கை மாட்டிவிட்டிருந்தான். இனி அவன் பேசுவது முழுவதும் அவருடைய இரண்டு காதுக்கும் நேராக வந்துகொண்டிருக்கும். நிறுத்துகிற பொத்தான் எது என்பதை மட்டும் அவன் சொல்லிக்கொடுக்கவில்லை.

"மாமா, வளைவு வருது. பாருங்க, நான் எப்படி சாயறேன்னு."

"பாத்தேன் மாப்ள."

"மாமா, லாரி."

"தெரியுது மாப்ள."

"மாமா, தூங்கிடாதீங்க."

தூங்குவதற்கு வழியே இல்லை. பத்திருபது கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி, பின்னணியில் ஏதாவது ஒன்று தெரியும்படி தன்னைப் படம் எடுத்துக்கொண்டான். பின்னணியில் இருட்டு மட்டும் தெரிந்த இடத்திலும் எடுத்துக்கொண்டான். மெத்தைக்காரரின் வேலை டார்ச் பிடிப்பது.

ராத்திரி குளிர் ஏற ஏற, சீட்டும் தன் குணத்தைக் காட்டியது. உடம்புச் சூட்டுக்கு வளைகிற நுரை, சூடு இல்லாவிட்டால் என்ன செய்யும் என்று இத்தனை வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் அவரைக் கேட்டதில்லை. அது பலகையாகிவிடும். ஒவ்வொரு தடவை இறங்கி ஏறும்போதும் சிமென்ட் தொட்டியின் விளிம்பில் உட்காருவதுபோல் இருந்தது. எத்தனை பேரிடம் எத்தனை தடவை 'மேகம் மாதிரி இருக்கும் மேடம்' என்று சொல்லியிருப்போம் என்று நினைத்து, அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது.

விடியும் நேரத்தில், துறைமுக ஊருக்கு இன்னும் நூறு கிலோமீட்டர் இருக்கும்போது, மச்சினனின் குதிரை நின்றது. உண்மையில் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னால் உள்ள திரையில் மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்த விளக்கு எரிந்தால் ஓட்டக் கூடாது என்று கம்பெனியின் உதவி எண்ணில் இருந்த பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவன் அவளோடு வாதாடினான், மேலதிகாரியைக் கேட்டான், கடைசியில் ரோட்டோரம் கவசங்களோடு உட்கார்ந்தான். கரையில் ஒதுங்கிய ஆமை மாதிரி இருந்தான்.

வண்டியை ஏற்றிப் போக லாரி வந்தது. "மாமா, வாங்க, நீங்களும் ஏறிடுங்க. தனியா உங்களால முடியாது" என்றான்.

அவருக்கும் ஏறிவிடலாம் என்றுதான் இருந்தது. பொய் சொல்வானேன், ஒரு காலை லாரியின் படியில் வைத்தும்விட்டார். முக்கால்வாசி தூரம்கூடப் போகவில்லை, பாதிகூட இல்லை. பாதிக்கும் முன்னால் விடுவது அவருடைய தரத்துக்கே குறைவு. காலை எடுத்துக்கொண்டார்.

"நீ போ மாப்ள. நான் பாதி வரைக்குமாவது போய்ப் பாக்கறேன்."

லாரி வீட்டுத் திசையில் கிளம்ப, அவர் எதிர்த்திசையில் கிளம்பினார். ஹெல்மெட்டுக்குள் மச்சினனின் குரல் தொடர்ந்து வந்தது. "மாமா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் தண்ணி குடிங்க. மாமா, இடது பக்கம் கண்ணாடி... மாமா, நான் சொன்னது... மா..." தூரம் கூடக்கூட குரல் தேய்ந்தது, கரகரத்தது, நின்றது.

அந்த அமைதியை என்னவென்று சொல்வது! காற்றின் சத்தம் கேட்டது. எஞ்சினின் சத்தம் கேட்டது. அவருடைய மூச்சு அவருக்கே கேட்டது. கடையில் வாடிக்கையாளர், வீட்டில் டிவி, ராத்திரி முழுக்க மச்சினன் என்று பழகிப்போன காதுக்கு முதலில் பயமாகக்கூட இருந்தது. பிறகு, சுற்றுமுற்றும் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஹெல்மெட்டுக்குள் ஒரு தடவை "ஓய்ய்ய்" என்று பெரிதாகக் கத்திப் பார்த்தார். நன்றாக இருந்தது. இன்னொரு தடவை கத்தினார்.

துறைமுக ஊரில் பெட்ரோல் போட்டு ரசீதை வாங்கி உள்பையில் வைத்தார். கடலைப் பார்க்கவில்லை, கிரேன்களின் தலை மட்டும் தெரிந்தது. இவ்வளவு தூரம் வந்து கடலைப் பார்க்காமல் திரும்புகிற முட்டாள் உலகத்தில் தான் ஒருவன்தான் இருப்போம் என்று தோன்றியது. கண் எரிந்தது. பங்க்கின் ஓரத்தில் வெயில் படாத சிமென்ட் பெஞ்சு ஒன்று இருந்தது. சாய்மானம் இல்லை, அகலமும் பத்தாது, ஒரு மூலை உடைந்திருந்தது. ஐந்து நிமிடம் என்று அதன்மேல் சாய்ந்தார்.

தூக்கம் விற்றே பிழைத்த மனிதர், தன் ஆயுளிலேயே நல்ல தூக்கத்தை அந்த உடைந்த பெஞ்சில்தான் தூங்கினார். கனவு இல்லை, புரளல் இல்லை. பங்க்கில் வேலை செய்கிற பெண் வந்து தோளைத் தட்டி, "ஐயா, உசிரோடதானே இருக்கீங்க?" என்று கேட்ட பிறகுதான் விழித்தார். முதுகில் வலியே இல்லை. இந்த விஷயம் கடை முதலாளிக்குத் தெரியக் கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டு வண்டியை எடுத்தார்.

திரும்பி வரும்போது வெயில். ராத்திரி பலகையாக இருந்த நுரை இப்போது குழைந்த சோறு மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்தால் உள்ளே போனார், பள்ளத்தில் விழுந்தால் இன்னும் உள்ளே போனார். கடைசியில் வண்டியை ஓரம் கட்டி, கயிற்றை அவிழ்த்து, தன் கையாலேயே தைத்த சிம்மாசனத்தைக் குப்பைத் தொட்டிக்குள் திணித்துவிட்டு, மழைக்கோட்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வண்டி ஒழுங்காகப் போனது. அதாவது, கிளட்ச் கேபிள் அறுகிற வரைக்கும்.

ரயில்வே கேட் ஒன்றில் நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது, இடது கைப்பிடி விறைப்பே இல்லாமல் தொளதொளவென்று கைக்குள் வந்து விழுந்தது. வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. குனிந்து பார்த்தார். கேபிள் நடுவில் இரண்டாகப் போயிருந்தது. மச்சினனுக்குப் போன் செய்தார். அவன் லாரியிலேயே சாப்பிட்டு, தூங்கி எழுந்து, ஊரை நெருங்கியிருந்தான்.

"மாப்ள, அந்த கிளட்ச் கேபிள்..."

"பத்திரமா என்கிட்டதான் இருக்கு மாமா. நீங்க கவலையேபடாதீங்க" என்றான்.

போனை வைத்துவிட்டு அவர் மைல்கல்லின் மேல் உட்கார்ந்தார். மெக்கானிக் கடை ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. லாரி ஒன்றை நிறுத்தி வண்டியை ஏற்றிவிட்டால் தீர்ந்தது. யாரும் குறை சொல்லப்போவதில்லை. குளத்தில் பாதி, பாட்டில் ஒரு வரி, அலமாரியில் மூன்று பக்கம், ரோட்டில் முக்கால்வாசி. சொல்லப்போனால் இதுதான் அவருடைய சாதனைகளிலேயே பெரியது. மனைவிக்குப் போன் செய்தார். எதிர்முனையில் குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. யாருக்கோ ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கேபிள் அறுந்துபோச்சு" என்றார்.

"எந்தக் கேபிளு?"

"கிளட்ச்சு."

"அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல."

"எவ்ளோ தூரம் பாக்கி?"

"இருநூத்திச் சொச்சம்."

"அது இல்லாம வண்டி ஓடுமா ஓடாதா?"

அவர் யோசித்தார். "தள்ளிவிட்டா ஓடும். ஆனா நடுவுல நிக்க முடியாது. நின்னா மறுபடி தள்ளணும்."

"அப்ப நிக்காதீங்க" என்றாள். குழந்தையிடம் திரும்பி, "அவ்ளோதான், முடிஞ்சுபோச்சு பாரு" என்று சொல்வது கேட்டது. போன் அணைந்தது.

மெத்தைக்காரர் எழுந்தார். வண்டியை நியூட்ரலில் வைத்து உதைத்துக் கிளப்பினார். இரண்டு கைப்பிடியையும் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓடினார். ஐம்பதை நெருங்குகிற ஒரு தொப்பை, ஹெல்மெட்டோடு, நெடுஞ்சாலையில் ஓடுவதை ரயில் கேட்டில் நின்றவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். வேகம் வந்ததும் காலால் முதல் கியரை மிதித்தார். வண்டி வெடுக்கென்று பாய்ந்தது. அவரை விட்டுவிட்டுத் தனியாகப் போகப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கிப் போட்டு எப்படியோ ஏறிவிட்டார். எங்கேயிருந்து அந்தக் கால் அவ்வளவு உயரம் எழும்பியது என்று பிறகு எத்தனை யோசித்தும் அவருக்கு விளங்கவில்லை. பின்னால் யாரோ விசில் அடித்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த தூரம்தான் அவர் வாழ்க்கையிலேயே முழுக் கவனத்தோடு இருந்த நேரம். கியர் மாற்ற, ஆக்சிலேட்டரை ஒரு கணம் விட்டு, எஞ்சின் மூச்சு வாங்குகிற அந்த இடைவெளியில் காலை மிதிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் வண்டி கரகரவென்று பல்லைக் கடிக்கும். எதிரே மாடு தெரிந்தாலும், பஸ் நின்றாலும், அரை கிலோமீட்டருக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, தவழ்ந்து தவழ்ந்து போய், வழி கிடைத்ததும் நழுவினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே தங்கள் அபிப்பிராயத்தைச் சொன்னார்கள். பெட்ரோல் போட ஒரு தடவை நின்றே ஆக வேண்டியிருந்தது. அங்கே மூன்று லாரி டிரைவர்கள், காரணம்கூடக் கேட்காமல், ஏதோ பழைய பகை தீர்ப்பவர்கள் போல அவரைப் பின்னாலிருந்து தள்ளி ரோட்டுக்கு அனுப்பினார்கள்.

சொந்த ஊருக்குள் நுழைந்தபோது சாயங்கால நெரிசல். சிக்னலில் சிவப்பு விழுந்தால் கதை முடிந்தது. எனவே சிவப்பைத் தூரத்தில் பார்த்தாலே பக்கத்துத் தெருவில் திரும்பினார். அவருக்கே தெரியாத தெருக்களெல்லாம் அன்றைக்குத் தெரியவந்தன. பெரிய ரவுண்டானாவில் அவர் போகவேண்டிய ரோட்டை ஒரு பஸ் அடைத்துக்கொண்டு நின்றது. நிற்க முடியாது. ஒரு சுற்றுச் சுற்றினார். பஸ் நகரவில்லை. இன்னொரு சுற்று. நடுவில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் முதல் சுற்றில் சும்மா பார்த்தார், இரண்டாவதில் முறைத்தார், மூன்றாவதில், "என்னய்யா, வேண்டுதலா?" என்று கத்தினார்.

"கிளட்ச் இல்ல சார்!"

நான்காவது சுற்றில் போலீஸ்காரர் பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டி அதை நகர்த்தினார். மெத்தைக்காரர் தலையை ஆட்டி நன்றி சொன்னார். கையை எடுக்கிற துணிச்சல் இல்லை.

பல் டாக்டரின் கிளினிக் மாடியில். வாசலில் வண்டி தானாக அணைந்து நின்றது. இறங்கினார். உட்கார்ந்திருந்த வாக்கிலேயே, கால் அகன்று, முதுகு வளைந்து, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு படி ஏறினார். முன்னறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டோக்கன் போட்டாச்சா?"

"டாக்டரைப் பாக்கணும்மா. ரொம்ப அவசரம்."

"எல்லாருக்கும் அவசரம்தான். எந்தப் பல்லு?"

"பல்லு இல்லம்மா. வண்டி. கீழ வந்து பாக்கணும். நேரம் முடியப்போகுது."

அந்தப் பெண் இப்போது நிமிர்ந்தாள். புழுதியில் முகம், ஹெல்மெட் பட்டை பதிந்த கன்னம், சிவந்த கண். "பாட்டி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று பக்கத்தில் இருந்த மூதாட்டியை எச்சரித்தாள். கன்னம் வீங்கிய ஒருவர், "நாங்க என்ன வேடிக்கை பாக்கவா வந்திருக்கோம்? வரிசைல வாங்க" என்றார்.

மெத்தைக்காரர் இருபது வருடமாக யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அது விற்பனைக்கு ஆகாது. இப்போதும் உயர்த்தாமல் உள் கதவைத் தள்ளித் திறந்தார். டாக்டர் ஒரு பெரிய மனிதரின் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டிருந்தார்.

"அட, வந்துட்டீங்களா? நான் ராத்திரியே, முடியலன்னு உங்க போன் வரும்னு இருந்தேன்! உங்க மச்சினன் வேற, நீங்க வரமாட்டீங்கன்னு சொன்னாரே."

"வந்துட்டேன் டாக்டர். கீழ வாங்க. கொஞ்சம் சீக்கிரம்."

டாக்டர் தயங்கி, நோயாளியின் முகத்தைப் பார்த்தார். வாய் நிறையப் பஞ்சு இருந்த அந்த மனிதர், "ஓங்க, ஓங்க" என்று கையை ஆட்டினார். போங்க என்றாரா, வேண்டாம் என்றாரா தெரியாது. டாக்டர் நல்ல அர்த்தத்தையே எடுத்துக்கொண்டார். கையுறையோடு டாக்டர் இறங்க, பின்னால் மார்பில் துண்டு கட்டிய நோயாளி இறங்க, என்னதான் நடக்கிறது என்று பார்க்க முன்னறை மொத்தமும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. டாக்டர் குனிந்து, வாயைப் பார்க்கிற சின்ன டார்ச்சை அடித்து, கிலோமீட்டர் கணக்கைப் படித்தார். ரசீதுகளைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிமிர்ந்து மெத்தைக்காரரைப் பார்த்தபோது அவர் குரலில் பல்லைப் பிடுங்குகிற தோரணை இல்லை.

"முடிச்சிட்டீங்க சார்."

வரிசையைப் பற்றிச் சண்டை போட்ட வீங்கிய கன்னத்துக்காரர்தான் முதலில் கை தட்டினார். அது ஒரு கைதான். இன்னொன்று கன்னத்தில் இருந்ததால் தொடையில் தட்டினார். இந்த நேரத்தில் சொல்வதற்கென்று மெத்தைக்காரர் வழியெல்லாம் நல்லதாக நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தார். எல்லாம் மறந்துபோய், "ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?" என்றார். வரவேற்பில் இருந்த பெண் வாய் கொப்பளிக்கிற காகிதக் கோப்பையில் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார், பாதி சட்டையில் போனது. பிறகு பல்வலிக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவரையும் வண்டியையும் வீட்டுத் திசைக்குத் தள்ளிவிட்டார்கள்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தாள். "சட்டையை வாசல்லயே கழட்டுங்க" என்றாள். உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். "இன்னும் எல்லைலதான் நிக்குது." பட்டையை உருவிச் சுருட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"முடிச்சீங்களா?"

"முடிச்சுட்டேன்."

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் வெந்நீர் போட்டாள். அவ்வளவுதான். மாலை, மேளம் ஒன்றும் இல்லை. மூன்று நாள் அவர் கடையில் கட்டில்களின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

மச்சினன் இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொன்னான். அவன் சொன்ன கதையில் 'நாங்கள்' போனோம், 'நாங்கள்' குளிரில் விறைத்தோம், 'நாங்கள்' கிளட்ச் இல்லாமல் வந்தோம். லாரி வந்த கட்டத்தில் மட்டும் அவனுக்கு இருமல் வந்துவிடும். மெத்தைக்காரர் திருத்தப் போகவில்லை.

சான்றிதழ் தபாலில் வந்தது. கிளப்பில் யாரோ அவருடைய பெயரில் ஒரு எழுத்தை விழுங்கியிருந்தார்கள். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, எங்கே மாட்டுவது என்று வீட்டுச் சுவர்களையெல்லாம் பார்த்து, கூச்சப்பட்டு, மேசை மேல் வைத்தார். அடுத்த நாள் பார்த்தால் காணோம். பழைய பேப்பரோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கேட்கவும் மனம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, கடைக்கு மெத்தை பார்க்க வந்த ஒரு பெண் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை மடிப்பில் புதிதாகப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"சார், நீங்க அந்த மோட்டார் சைக்கிள்காரர்தானே?"

"எந்த மோட்டார் சைக்கிள்?"

"ரத்தம் எடுக்கற எடத்துல, நாற்காலிக்கு நேரா உங்க சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்களே. கீழ உங்க போட்டோ வேற. ஊசியைப் பாத்து நான் பயந்தேனா, அந்த அம்மா என்னைப் புடிச்சுத் திட்டினாங்க. 'இதோ பாரு, இந்த மனுசன் கிளட்ச் இல்லாத வண்டியில எறநூறு கிலோமீட்டர் நிக்காம வந்தாரு. உனக்கு ஒரு ஊசிக்கு இந்த ஆர்ப்பாட்டமா'ன்னு. வர்ற எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்றாங்களாம்."

மெத்தைக்காரர் மெத்தையின் விளிம்பைத் தடவினார். முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஏன் சார், அவ்ளோ தூரம் ஓட்டினா முதுகு வலிக்காதா?"

"வலிக்கும்மா. நல்லா வலிக்கும்" என்றார் அவர். இருபது வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் யோசிக்காமல் சொன்ன முதல் உண்மை அது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "செருப்பைக் கழட்டிட்டுப் படுத்துப் பாருங்க" என்றார்.